ஆடி மாதக் கல்யாண மண்டபம்

ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்கியதும்
கணவாய்க் காற்று கோப்பைப் பிடுங்கப் பார்த்தது.
ரேஷன் பையைப் போல் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு
நடந்தேன்.

முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில்
பாதி சுழன்றன.
பாதியை நிறுத்தி வைத்திருந்தார்கள்;
கம்பி தாங்காதாம், மேலிடத்து உத்தரவு.

தோவாளைக்குப் போகிற பூக்கூடை ஒன்று
கடை நிழலில் இறங்கியிருந்தது.
மேலே ஓர் ஈரத்துணி.
பிச்சி வாடவில்லை.

சர்வர் கம்பெனியில்
மேலாளர் வின்ஸ்லி ஸ்வெட்டர் போட்டிருந்தார்.
உள்ளே பதினெட்டு டிகிரி.
"மெஷினுக்குக் குளிரு வேணும்லா மேடம்."
இருபத்தேழு வரை பொறுப்பேன் என்கிறது
மெஷினின் கையேடு.
அது பாலித்தீன் உறையைவிட்டு
இன்னும் வெளியே வரவில்லை.

அடுக்குகளுக்கிடையே காலி இடங்கள்,
விழுந்த பற்கள் மாதிரி.
தள்ளிவிட்ட சூடு அவற்றின் வழியே
திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது.
ஒன்றில் மட்டும் முறுக்கு டப்பாவின் அட்டையை
அளவாக வெட்டிச் செருகியிருந்தான் எவனோ.
அந்த எவனோவை மனதில் குறித்துக்கொண்டேன்.

விதி ஒன்றும் வேதம் அல்ல, சின்னக் கணக்கு.
கணினிகள் தின்பது ஒரு பங்கு என்றால்
கட்டடம் மொத்தமும் தின்பது
ஒன்றரைப் பங்கைத் தாண்டக் கூடாது.
அவர்கள் காட்டியது
ஒன்று புள்ளி மூன்று எட்டு.
இந்தக் குளிரிலா?
வீடெல்லாம் நெய் மணக்கிறது,
அடுப்பில் பூனை தூங்குகிறது என்கிறார்கள்.

குளிர்க் குழாயைத் தொட்டுக்கொண்டே போனேன்.
வியர்த்திருந்தது அது, பொய் சொன்னவன் கழுத்தாக.
சுவரைத் தாண்டி, மதிலைத் தாண்டி,
அதே முதலாளியின்
ஜெயசுபா மஹாலுக்குள் நுழைந்தது.
சமையல்கட்டுக்குப் பின்னால்
ஆறு கம்ப்ரசர்கள் அலறிக்கொண்டிருந்தன.
வாசலில் குலை வாழை இல்லை.
பந்தியில் ஒரு நாற்காலிகூட விரிக்கவில்லை.
மீட்டர் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்குப் பிந்தியவன்போல
ஓடிக்கொண்டிருந்தது.
ஆடி மாதக் கணக்கு:
முப்பத்தெட்டாயிரத்து நூற்றறுபது யூனிட்.

"கிறிஸ்தவக் கல்யாணம் உண்டும்லா மேடம்,
நமக்கு ஆடியும் ஒண்ணு, தையும் ஒண்ணு."

நானும் ஆடியில் கட்டியவள்தான், வின்ஸ்லி.
எண்ணூறு பேருக்குச் சாப்பாடு,
இரண்டு நாள் சீரியல் விளக்கு,
சுங்கான்கடை மாமா கொண்டுவந்த மைக் செட்,
எல்லாம் சேர்த்து நூற்றெண்பது யூனிட்.
ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது,
அப்படிப்பட்டவள் நான்.
போன மாதம் இந்த மண்டபத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது.
ஒரு நாளைக்கு ஏழு.
பாதிரியாருக்குத் தொண்டை கட்டியிருக்குமே.

அவர் சிரித்தார்.
பிறகு ஸ்வெட்டரின் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினார்.

கூட்டிப் போட்டேன். ஒன்று புள்ளி ஒன்பது ஒன்று.
கணினிக்கு ஒரு கவளம்,
விசிறி வீசுகிறவனுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு கவளம்.

"மேடம்," என்றான் பின்னாலிருந்து
இரவு ஷிப்டு முடிந்தும் போகாமல் நின்ற பையன்.
"இருபத்தஞ்சு வச்சுப் பாக்கட்டா?"
வின்ஸ்லியைப் பார்க்காமலே கேட்டான்.
"வை."
ஏழு தடவை அழுத்தினான்.

காத்திருந்தோம். நாற்பது நிமிடம்.
எந்த வங்கியிலும் ஒரு ரூபாய் குறையவில்லை.
குளச்சலில் யாரோ பார்த்துக்கொண்டிருந்த படம்
நடுவில் நிற்கவில்லை.
மதிலுக்கு அந்தப்புறம்
நான்கு கம்ப்ரசர்கள் ஒவ்வொன்றாய் வாய்மூட,
அதுவரை கேட்காமலிருந்த காற்று
கேட்கத் தொடங்கியது.

அபராதம் என் கையில் இல்லை.
கோப்பு சென்னைக்குப் போகும்.
வக்கீல் வைப்பார்கள், வாய்தா வாங்குவார்கள்,
அடுத்த ஆடியும் வரும்.
படிவத்தில் 'குறைபாடுகள்' என்பதற்கு
மூன்றே வரி விட்டிருக்கிறது அரசாங்கம்.
மூன்றும் நிரம்பின.

ஓரத்தில், பேனாவைச் சாய்த்து
நாலாவதாய் எழுதினேன்:
அட்டை செருகியவர் ஷிபின்.
அவருக்குத் தகடு வாங்கித் தரவும்.