நியாயமான ஆள்

மூன்றாவது அமர்வு, பகல் சாப்பாட்டுக்குப் பிந்தியது.
சோற்றுப் பார்சலின் கனத்தில்
பாதி மண்டபம் கண்ணைத் திறந்தபடி தூங்குகிறது.
மற்றப் பாதி, குளிரூட்டியை யாராவது குறைப்பார்களா என்று
ஒருவரையொருவர் பார்க்கிறது.
நாங்கள் நாலு பேர். ஆளுக்குப் பதினைந்து நிமிடம்.
தலைவர் கையில் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை,
கால்பந்து நடுவர் மாதிரி.

முதலில் றிஸ்மியா:
கொடுத்த வாக்கு ஏன் கட்டுகிறது,
சொன்னதாலா, மற்றவர் நம்பியதாலா?
சாய்ந்தமருதிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவள்,
ஒரு கொட்டாவி விடவில்லை.
பிறகு சந்துனி:
நூறு வருடமாக யாரும் தொடாத சட்டம்
இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா?
தூசி தட்டி ஒருவனைப் பிடிக்கும் அன்றைக்கு மட்டும்
எழுந்து உட்கார்ந்துவிடுமா?
மஞ்சள் அட்டையை அவள் பார்க்கவேயில்லை.
சிவப்பையும்.

அப்புறம் நான்.
எட்டாவது ஸ்லைடில் ஒரு வாக்குமூலம்.
புறொஜெக்டருக்கு அந்த எழுத்துருவைத் தெரியவில்லை.
திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள்,
ஜன்னல் சாத்திய தொடர்மாடி போல.
உள்ளே பிலோமினா சொல்லிக்கொண்டிருந்தாள்:

நான் எறங்கினேன். பஸ் நிக்கல்ல.
என்னைக்கி நின்னிச்சி?

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது
கடைசி வரி சாதுவாகிவிட்டது.

தீர்ப்பு:
நியாயமான ஆள் ஒருவர்
ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கமாட்டார்.
ஆகவே முறிந்த இடுப்பில் பாதி அவளுடைய பிழை,
நட்ட ஈட்டில் பாதி வெட்டு.

அந்த ஆளை எங்களுக்கு முதலாம் வருடத்திலேயே தெரியும்.
குடையை மறக்கமாட்டார். நாயை அவிழ்த்துவிடமாட்டார்.
பொடி எழுத்தையும் வாசித்துவிட்டுத்தான் கையொப்பம் வைப்பார்.
அவருக்கு வயிற்றுவலி வந்ததாக எந்த வழக்கிலும் இல்லை.
கப்பலேறி வந்தவர்;
இங்கே எந்த வீதியில் குடியிருக்கிறார் என்று
யாரும் விசாரிக்கவில்லை.
நான் கேட்டது இவ்வளவுதான்:
அவர் நூற்றைம்பத்தைந்தில் ஏறியிருக்கிறாரா?
ஒரு காலை மிதிபலகையில் வைத்து
மற்றக் காலுக்கு இடம் தேடியிருக்கிறாரா?

சிரித்தார்கள். சிரிப்பில் எனக்கு ஒரு நிமிடம் போயிற்று.

முன்வரிசையில் ஒருவர்
"இது கேள்வியல்ல, ஒரு கருத்து" என்று எழுந்து
நாலாவது ஆளின் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.
ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற
முதலாம் வருடப் பையன்
அடுத்தவரிடம் கொடுக்குமுன் தானே கேட்டான்:
எல்லாரும் ஓடுகிற பஸ்ஸில்தான் இறங்குகிறோம் என்றால்
அது நியாயமாகிவிடுமா,
இல்லை, எங்களுக்குப் பழகிப்போய்விட்டதா?

நல்ல கேள்வி என்றேன்.
விடை இல்லாதவர்கள் சொல்கிற விடை அது.
சிவப்பு அட்டை என்னைக் காப்பாற்றியது.

ஐந்தரை. மழை வரப் பார்க்கிறது.
சான்றிதழில் என் பெயருக்கு ஓர் எழுத்து அதிகம்.
தும்முல்லையில் நானும் றிஸ்மியாவும் ஏறினோம்.
கொண்டக்டர் நோட்டை வாங்கி
டிக்கெட்டின் முதுகில் 40 என்று கிறுக்கி
"பஹினகொட தென்னம்" என்றார்,
இறங்கும்போது தருவாராம்.
"வாக்கு," என்றாள் றிஸ்மியா என் காதில்,
"எழுத்திலும் இருக்கு."
மருதானையில் அவள் இறங்கிப் போனாள்.

மட்டக்குளி. மணியை அடித்தேன்.
அவர் முன்கதவில், நான் பின்கதவில்,
நடுவே ஐம்பது பேர்.
பஸ் வேகம் குறைந்தது.
நிற்கவில்லை.

இடது கால் முதலில்.
முகம், பஸ் போகிற பக்கமே.
தரையில் இரண்டு எட்டு ஓடவேண்டும்.
இதெல்லாம் பிலோமினாவுக்கும் தெரியும்.
அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது,
கையில் மீன்பை.

பின்னால் வந்த முச்சக்கரவண்டி
ஒருதரம் ஹோர்ன் அடித்தது,
திட்டவா, எச்சரிக்கவா, தெரியாது.
நாற்பது ரூபாய் நனைந்துகொண்டு
என் உள்ளங்கையில்.