வசிப்பிடம்

மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில்
என் மேசைக்கு ஜன்னல் கிடையாது.
காலை எட்டு மணிக்குத் திரையைத் திறந்தால்
ஆரெகனின் இந்த மூலையில்
இரவோடு இரவாக யார் எங்கே பெயர்ந்தார்கள் என்று
வரிசை கட்டி நிற்கும்.

முன்பெல்லாம் நேரில் வருவார்கள்.
மழைக்கோட்டை வாசலில் உதறிவிட்டு
சங்கிலி போட்டுக் கட்டிய பேனாவைத் திட்டிக்கொண்டே
படிவத்தை என் பக்கம் தள்ளுவார்கள்.
முகத்தைப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.
இப்போது வருவது
பழைய வரி, புதிய வரி, அனுப்பிய நேரம்.

நேரமே போதும் எனக்கு.
நண்பகலில் முகவரி மாற்றுகிறவர்கள்
வீடு வாங்கியவர்கள்.
விடிகாலை மூன்றேகாலுக்கு
ஃபிர் தெருவிலிருந்து
அதே ஃபிர் தெருவின் மறுகோடிக்கு மாறியவள்
என்ன வாங்கியிருப்பாள்?
ஒரு வாரம் கழித்துப் பெயரின் பின்பாதியையும்
கழற்றிப் போட்டாள்.
வெர்னா ஸ்டப்பிள்ஃபீல்ட்
மறுபடி வெர்னா க்விஸ்ட்.
'ஏற்கப்பட்டது' என்று அழுத்தினேன்.
அதைவிட அன்பான பொத்தான் எதுவும்
எங்களுக்குத் தரப்படவில்லை.

செப்டம்பரில் தீ வந்தது.
மலைச்சரிவில் இறங்கிய காற்று
ஆல்டர் ஃபோர்டை ஒரே இரவில் முடித்தது.
பட்டியலில் மட்டும் ஊர் அப்படியே நின்றது:
கதவு எண், மாடி எண்,
'பின்புற வாசல், பி'.
எரியாத ஆல்டர் ஃபோர்டுக்கு
நான் ஒருத்திதான் காவல்.

பிறகு மாற்றங்கள் வர ஆரம்பித்தன.
ஐடஹோவில் தங்கை வீடு.
கண்காட்சித் திடல், டிரெய்லர் முப்பத்தொன்று.
யாரோ ஒரு நண்பரின் கார் ஷெட்.
ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது.
தீ மிச்சம் வைத்த ஊரை
வீடு வீடாக நான் காலி செய்துகொண்டிருந்தேன்.

அதற்கு நடுவே ஒரு வரி.
லைல் ஹாஸ்கெட்.
பழையது: 88, மில் பாண்ட் சந்து.
புதியது: 88, மில் பாண்ட் சந்து.
இரவு 2.14.
மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.
ஐந்தாம் நாள் மேலாளர் ரோண்டெல் சொன்னாள்,
"தெரியாமல் அழுத்துகிறார் போல. கூப்பிட்டுச் சொல்."

கூப்பிட்டேன்.
பின்னணியில் ஏதோ மோட்டலின்
ஐஸ் இயந்திரம் உறுமியது.

"வீடு இருக்கிறதா, மிஸ்டர் ஹாஸ்கெட்?"
"இரும்பு அடுப்பு இருக்கிறது. கல்படி மூன்று இருக்கிறது.
தபால் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, பார்த்தீர்களா,
கொடி மட்டும் உருகிவிட்டது."
"இப்போது எங்கே தூங்குகிறீர்கள்?"
"உங்கள் படிவம் அதையா கேட்கிறது?"

இல்லை. இருபது வருடமாகத் தினமும் பார்க்கும் படிவத்தை
அன்றுதான் படித்தேன்.
மனிதன் எங்கே போனாலும்
எங்கே திரும்பி வர எண்ணுகிறானோ
அதுதான் அவன் வசிப்பிடம் என்கிறது சட்டம்.
வாக்குச்சீட்டை எங்கே அனுப்புவது
என்பதற்கு வேறு பெட்டி,
இரண்டு அங்குலம் கீழே.

"திரும்பி வரும் எண்ணத்துக்கு
ஏதாவது இணைக்கணுமா? போட்டோ?"
"வேண்டாம்."
"ரசீது?"
"ஒன்றும் வேண்டாம்.
கீழ்ப் பெட்டியில் மோட்டல் அறை எண்ணை மட்டும் போடுங்கள்."

பன்னிரண்டு என்றார்.
பிறகு, நான் கேட்காமலேயே:
"அனுப்பியதும் ஒரு வரி வருகிறது.
'நீங்கள் 88, மில் பாண்ட் சந்தில் பதிவாகியுள்ளீர்கள்.'
இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால்
அதை யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது."

அந்த வரியை எழுதியவன்
தலைநகரில் ஏதோ ஒப்பந்தப் பையன்.
எழுத்துப்பிழை பார்த்ததோடு சரி.

மறுநாள் காலை வரிசையில் மறுபடி அவர்.
வசிப்பிடம், மாற்றம் இல்லை.
தபால், அறை 12.
அதற்குக் கீழே, 2.31க்கு,
இன்னொரு முறை, ஒன்றுமே மாறாமல்.
நகல்களை உடனே நீக்க வேண்டும் என்பது விதி.
எழுந்து போய்க் காபி போட்டேன்.
மற்ற நாற்பதையும் முடித்துவிட்டுத்தான்
அதற்கு வந்தேன்.