ஒன்றரை அங்குலம்

டுலூத்தில் ஏரி முழுக்க உறைந்த மாதம்.
சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்த வீட்டுக்குப்
பன்னிரண்டு பெட்டிக் கல்லை
ஒவ்வொன்றாகச் சுமந்து ஏற்றினேன்.
டிராவர்டைன். பால் கூடிப்போன தேநீரின் நிறம்.
மூன்றங்குலச் சதுரம்,
விளிம்பைக் கடித்துத் துப்பியதுபோல் ஒரு வெட்டு.

தேர்ந்தெடுத்தவள் மார்லிஸ்.
துறைமுக அலுவலகத்தில் கப்பல்களின் நேரம் குறிப்பவள்.
ஒன்பது மாதிரிக் கற்களை ஜன்னலோரம் சாய்த்து வைத்து
காலையில் ஒருமுறை, விளக்கு போட்டபின் ஒருமுறை என்று
ஒரு வாரம் பார்த்திருக்கிறாள்.

அலமாரிகள் அவள் கணவன் ஆரின் செய்தவை.
நிலவறையில், மேப்பிள் பலகையில்,
இலையுதிர் காலம் முழுக்க.
கதவைத் தள்ளினால் சத்தமில்லாமல் போய்
மூச்சை அடக்குவதுபோல் மூடிக்கொள்ளும்.

இருவருக்கும் பேச்சில்லை என்பது
முதல் நாளே தெரிந்துவிட்டது:
எனக்கு இரண்டு கோப்பை காபி வந்தது,
பத்து நிமிட இடைவெளியில்.

"கைப்பிடி வியாழக்கிழமை வரும் என்று சொல்லிவிடு."
"சாந்து வெள்ளையாக வேண்டாம் என்று சொல்லிவிடு."
யாரிடம் என்று இருவருமே சொல்வதில்லை.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்
நான்தான் முதலில் பூசப்பட்டேன்.

மேடையிலிருந்து அலமாரியின் அடிவரை
பதினெட்டு அங்குலம் என்றது தாள்.
ஆறு வரிசை, சாந்துக்கோடுகளையும் சேர்த்து.
அளந்தேன்.
பதினாறரை.
மறுபடி அளந்தேன்.
ரசமட்டத்தை வைத்தேன், குமிழி நடுவில் வந்து நின்றது.
அலமாரி நேர்தான்.
இடம்தான் இல்லை.

"முப்பது வருஷமாக மரம் அளக்கிற மனுஷன்"
என்றாள் மார்லிஸ், சுவரைப் பார்த்து.
நிலவறைப் படியில் காலடி ஒன்று
வந்த வழியே இறங்கிப் போனது.

அலமாரி எதில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க
தலையை உள்ளே விட்டு டார்ச்சை அடித்தேன்.
இரண்டாம் தட்டின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு கோடு.
பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்து:
*மா. கை. செருப்பில்லாமல். அக்டோபர் 9.*

அவள் குள்ளம்.
கதவோரம் ஒரு முக்காலி நிற்கிறது,
நடு மிதியில் வண்ணம் தேய்ந்து.
பேசிக்கொள்ளாத மாதங்களில்
எந்தச் சமயத்தில் பார்த்து
இதை அளந்தான்?

நான் ஓடு ஒட்டுகிறவள்.
மற்றவர் அலமாரியில் படித்ததை
வெளியே எடுத்து வருவதற்கு
எனக்குக் கூலி பேசவில்லை.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு:
முழுக்கல் கீழே, வெட்டுக்கல் மேலே,
அலமாரி நிழல் மறைத்துக்கொள்ளும்.
கராஜில் ரம்பத்தின் தண்ணீர்
ஓடும்போதே உறைந்தது.
கெட்டிலில் சுடவைத்து ஊற்றி ஊற்றி அறுத்தேன்,
இருபத்தேழு கல், எல்லாம் சரிபாதி.

பத்தொன்பதாவது கல்லில் ஒரு சிப்பி இருந்தது.
எந்தக் காலத்து ஊற்றடியில் கிடந்ததோ,
விரல் நகம் அளவு, வரிவரியாய்.
அடுக்கும்போது கண்ணில் படவில்லை.
ரம்பம் தொட்டபின்தான் பட்டது.
அரைச் சிப்பி அடுப்புக்கு மேலே ஏறியது.
மீதி அரை என் வண்டியில்,
வேகமுள்ளுக்குக் கீழே, இன்னும் இருக்கிறது.
அவர்களிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சாந்து வழித்துத் துடைத்து
பில்லை மேடையில் வைத்தேன்.
இரண்டு காசோலை வந்தது, ஆளுக்குப் பாதி.

மார்ச்சில் மார்லிஸ் கூப்பிட்டாள்.
பீட்ரூட் சாறு தெறித்திருக்கிறது,
கல் குடித்துவிட்டது, என்ன செய்ய என்று.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
பின்னால் ஓர் ஆண்குரல் எதையோ தேடியது.
"இரண்டாம் தட்டில்" என்றாள் அவள்,
போனிலிருந்து வாயை விலக்கி.

பிறகு என்னிடம்:
"உனக்கொரு முக்காலி வேண்டுமா?
நல்ல முக்காலி.
இங்கே ஏனோ சும்மா நிற்கிறது."

ஏனோ என்று
நானும் சொல்லிவைத்தேன்.
கல்லுக்குப் பூச்சு இரண்டு கை,
வருஷத்துக்கு ஒருமுறை,
முதல் கை முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது என்றேன்.
எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.