கூட்டல் மூன்று

தடைக்காலம். இருபத்தெட்டாம் நாள்.
சின்னப்பாலத்தில் கரையேற்றிய விசைப்படகுக்கடியில்
நாலு பேர், ஒரு டார்ச்,
டீசல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
நான் போட்ட ராச்சியம்.
பூதம், பொக்கிஷம், ஏழு வாசல்.
உருட்ட இருபது முகக் கட்டை ஒன்று,
கூரியரில் வந்தது;
தாயக்கட்டைக்கு வீக்கம் வந்த மாதிரி இருக்கும்.
விதி சொல்வது நான்.
பகலில் ஐஸ் கம்பெனியில் பார் எண்ணுகிறவன்.
எண்ணத் தெரிந்தவன் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

காளிராசு மந்திரவாதி, மூன்று முறை செத்துப் பிழைத்தவன்.
அசார் வளரி எறிவான்;
திரும்பி வந்ததா என்று கேட்டால் கோபம் வரும்.
டெல்பினாவின் ஆள் பெயர் திருக்கை:
ஆயுதம் தொடமாட்டாள். கையும் காலும்தான்.
இரும்பு பூட்டினால் குத்துவரிசை மறந்துபோகும்,
அது அவள் வகைக்கு நான் எழுதிய விதி.
அதனால் வாசலுக்கு வாசல் அடிவாங்கினாள்.

பாவமாக இருந்தது.
நேற்று தூங்காமல் ஒரு கவசம் செய்தேன்.
ஆழத்து அரசி உதிர்த்த செதில்கள்,
நிலா வெளிச்சத்தில் கோத்தது.
எடை ஒரு மூச்சு. தீ தொடாது. வாள் வழுக்கும்.
பாதுகாப்பு: கூட்டல் மூன்று.
ஆறாம் வாசலில் பெட்டியைத் திறக்கவைத்து
குரலைத் தாழ்த்தி வாசித்தேன்.
அசார் விசிலடித்தான்.

டெல்பினா கேட்டாள்:
"நனைஞ்சா கனக்குமா?"
பிறகு,
"உள்ள சொறி பூந்துட்டா எத்தன நேரத்துல கழட்டலாம்?"
நோட்டைப் புரட்டினேன். அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
"விரல மூடுதா?"
இல்லை. மார்புக்கும் முதுகுக்கும்தான்.
"மார்புல யாரு அடிவாங்குறா" என்று
கையை டார்ச்சுக்கு முன் நீட்டினாள்.
பாசிக்கும் இப்போது லீவு.
பாறை வெட்டிய வாய்கள் பத்து விரலிலும்
மூடிக்கொண்டிருந்தன, வெள்ளை வெள்ளையாக.
கட்டைவிரலில் ஒன்று மட்டும் இன்னும் சிவப்பு.

"எழுதிக்க.
கிழிஞ்ச கைலி, விரலுக்கு ஒரு சாண்.
அண்ணன் போட்டுக் கழிச்ச முழுக்கைச் சட்டை, சேலைக்கு மேல.
காலுக்குத் தகரம், ரப்பர் வாரு போட்டு.
கண்ணுக்குக் கண்ணாடி. இடுப்புல வலைப்பை."

"இதுல மந்திரம் எங்க?" என்றான் காளிராசு.
யோசித்தாள். தலைக்கு மேலே கச்சான் காற்று
எதையோ தட்டிக்கொண்டே இருந்தது.
"ஃபாரஸ்ட் போட்டு வரும்போது
பாறை மாதிரித் தெரியணும்.
சத்தம் போனதும் பழையபடி பொம்பள."

இந்த ராச்சியத்தில் வனத்துறை கிடையாது என்றேன்.
"கடல் இருக்குல்ல?"
இருக்கிறது. நீல மை தீரும்வரை நானே போட்டது.
"அப்ப வருவாங்க."

அரசி, செதில், நிலா எல்லாவற்றையும் அடித்தேன்.
கிழிந்த கைலி என்று எழுதினேன்.
பேனா கூட்டல் மூன்றின் மேல் போனபோது
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உடும்பு தோற்கும்.
"அது இருக்கட்டும்."

ஏழாம் வாசல்.
காவல் பூதத்தின் உலக்கைக்குத் தப்ப பதினாலு வேண்டும்.
ஒன்று குறைந்தாலும் நெஞ்சுக்கூடு.
கட்டையை ஊதி உருட்டினாள்.
பலகையில் புரண்டு, விளிம்பு தாண்டி,
சுக்கான் நிழலுக்குள் போய்விட்டது.
டார்ச்சோடு குனிந்தேன்.

பதினொன்று.

யாரும் பேசவில்லை.
காளிராசு விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.