சோதனைத் தாள்

திருமலை வீதிக் கடைக்கு
ஒரே கையில் வந்தன இரண்டு கல்லடிப் பாலங்கள்:
கொழும்புக்குப் போய்க் கழுவப்பட்டு
மூன்று கிழமை கழித்துத் திரும்பிய நெகட்டிவ் துண்டு ஒன்று,
நகத்தளவு கார்ட் ஒன்று.

நெவில் பார்த்லட். மரவேலைக்காரர்.
"ஒரே முக்காலி, ஒரே விடியல், கமரா மட்டும் ரெண்டு.
பதினாறுக்கு இருபது அடிச்சுத் தாங்க, பிள்ள.
எது நல்லமெண்டு பாப்பம்."

ஸ்கேனர் பதினொரு நிமிடம் முனகியது.
தூசு நீக்கும் பொத்தானை நான் அமத்தவில்லை.
பழைய இரும்புப் பாலத்தில்
கறள் எது தூசு எது என்று அதற்குத் தெரியாது.
எனக்கும்தான்.

திரையில் பெருப்பித்துப் பார்த்தேன்.
பிலிமின் வானம் வறுத்த ரவை.
டிஜிட்டலில் ஆணிகளை எண்ணலாம், எண்ணினேன்,
நாற்பத்தொன்றில் கண் நொந்தது.
ஆனால் சூரியன் இருந்த இடம் வெறும் வெள்ளை:
அங்கே மை விழாது,
தாள்தான் தெரியும்.
பிலிமில் அதே இடத்தில்
உருகும் நெய்யாய் ஒரு மஞ்சள் மிச்சமிருந்தது.

இனி இரண்டும் எண்கள்தானே, சேர்,
என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

தாள் விலை உங்களுக்குத் தெரியாததல்ல.
ஒரே தாளில் சோதித்தேன்:
இடது பாதி பிலிம், வலது பாதி டிஜிட்டல்.
நடு வளைவில் தண்ணீரின் கோட்டைத்
தண்ணீரின் கோட்டோடு பொருத்தினேன்.
இடையில் ஒருதரம் கரண்ட் போய் வந்தது.

பின்னேரம் வந்தார். கண்ணாடி போட்டார்.
ரவையைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்க்கவில்லை.
பொருத்தின இடத்தில் விரல் வைத்துக் கேட்டார்:
"பாண்பெட்டி எங்க?"

முன்சில்லு, ஹாண்டில்,
குனிந்த தலை, ஒரு முழங்கால்.
அதற்குப் பிறகு வெறும் பாலம், வெகு துல்லியமாய்.

கமரா மாற்றிய இரண்டு நிமிடத்தில்
அந்த மனிதர் கல்லடிக்குப் போய்விட்டார்.
பிலிமில் முழுசாய்த்தான் இருக்கிறார், சேர்,
வெட்டினது நான், என்றேன்.

சிரித்தார். இரண்டு பெரிய படத்துக்கும் காசு வைத்தார்,
கொண்டுபோனது இதை.
"மற்றது ரெண்டும் அடிக்க வேணாம்."
சோதனைத் தாளுக்கு என்ன பில் எழுதுவது?
இன்னும் எழுதவில்லை.

மறுநாள் காலை ஹோர்ன் கேட்டதும்
கடையை விட்டு இறங்கி
சைக்கிளின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

பெட்டி இருந்தது.
ஒரு றாத்தல் வாங்கினேன்,
சூடு.