வெள்ளை லேபிள்

பல் பிடுங்கும் அறைக்கு மேல்மாடியில் கூடுவோம்,
தேவகோட்டையில், மாதக் கடைசி ஞாயிறு.
நாலு பேர்.
ஐந்தாமவர் போன தை மாதம்
அது சாக்ஸபோனா கிளாரினெட்டா என்ற சண்டையில்
விலகிப் போனார், என் செருப்பைப் போட்டுக்கொண்டு.

மருந்து கம்பெனிப் பையோடு
டாக்டர் சிகப்பிக்காக நான் காத்திருந்த ஒரு மதியம்
துளைக்கிற கருவி நின்ற இடைவெளியில்
படியிறங்கி வந்தது ஒரு டிரம்பெட்.
மாதிரி மாத்திரைகளை நாற்காலியிலேயே மறந்துவிட்டேன்.

வயிரவன் புதுவயலில் அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுகிறார்.
தட்டை வெளிச்சத்தில் சாய்த்து
லேபிளுக்கும் கடைசித் தடத்துக்கும் நடுவே
பொறித்த எண்ணைத்தான் முதலில் படிப்பார்.
பாட்டெல்லாம் அப்புறம்.
அடைக்கலசாமிக்கு எண்ணும் வேண்டாம் பெயரும் வேண்டாம்.
ரயில்வேயில் சிக்னல் பார்க்கிறவர்,
டிரம்ஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார்:
"லேட்டா வர்றான் பாரு. வேணும்னே லேட்டா வர்றான்."

அந்தத் தட்டு காரைக்குடியில் கிடைத்தது,
முனீஸ்வரன் கோயில் தெருக் கடையொன்றில்,
எனாமல் தட்டுகளுக்கு இடையில் இன்னொரு தட்டாக.
எடை போடத்தான் கையை நீட்டினார் கடைக்காரர்.
நூற்றிருபது ரூபாய்.
வெள்ளை லேபிள். பென்சிலில் ரங்கூன் என்று,
ஒரு ஹோட்டல் பேண்டின் பெயரில் பாதி.

மூன்று நிமிடம், கொஞ்சம் கூட.
இரண்டாம் நிமிடத்தில் கிளாரினெட் தனியே ஏறுகிறது.
உச்சியில் அது தயங்குகிற நொடியில்
யாரோ, தமிழில்,
"விடாதே" என்கிறார்.

பதினோரு மாதம் இதே பேச்சு.
கீறல், என்றார் சிகப்பி.
கீறலென்றால் சுற்றுக்கொரு தடவை வரணும்,
இது ஒரே தடவை, என்றார் வயிரவன்.
வட்டிக்கடைக்காரருக்கு ஒலிப்பதிவு அறையில் என்ன வேலை?
"பியானோவைத் தூக்கிட்டு வந்தவன்
இருக்க மாட்டானா?" என்றார் அடைக்கலசாமி.
சில நாள் எனக்கு அது
எந்த மொழியிலும் இல்லாத சத்தமாகக் கேட்டது.
சொல்லிக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழையில் பள்ளத்தூரிலிருந்து
துண்டில் சுற்றி இன்னொன்று கொண்டுவந்தார் வயிரவன்.
அச்சடித்த லேபிள், கீறலில்லை, அதே எண்.
விலையைச் சொல்லவில்லை;
அரைமாதச் சம்பளம் முகத்தில் தெரிந்தது.

புது ஊசி மாட்டினோம்.
இரண்டாம் நிமிடம் வந்தது.
அந்த இடமும் வந்தது.
அங்கே யாருமில்லை.

சிகப்பி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை,
அது அவருடைய மரியாதை.
அடைக்கலசாமி எழுந்து காலி டம்ளர்களை அடுக்கினார்.

பிறகு சிகப்பிதான் கீழே போய்
பல் பார்க்கிற உருப்பெருக்கியை
நெற்றியில் மாட்டிக்கொண்டு வந்தார்.
பஞ்சு, வாயை ஆராயும் சின்னக் கொக்கி.
எங்கள் தட்டின் எண்மேல் படிந்த எழுபது வருட அழுக்கை
சொத்தைப் பல்போலச் சுரண்டினார்.
எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு இருந்தது,
கோட்டுக்குப் பின்னால்
இதில் ஒன்று.
அதில் இரண்டு.

"அதை மறுபடி போடுங்க," என்றார் வயிரவன்.
குரல் கம்மியிருந்தது.

கிளாரினெட் இந்தத் தடவை வேறு வழியாக ஏறியது,
போன தடவை எப்படி இதைக் கவனிக்காமல் விட்டோம்?
உச்சிக்குப் போய் நின்றது.
ஒரு தாளம். இன்னும் அரை.
எதுவும் வரவில்லை என்றானதும்
தானாக இறங்கியது.

"நிக்கிறான்," என்றார் அடைக்கலசாமி.
"அந்த வார்த்தைக்காக நிக்கிறான்யா."

வாயை மூடச் சொல்லியிருப்பார்கள்,
அல்லது வெளியே அனுப்பியிருப்பார்கள்.
ஊசி கடைசி வட்டத்தில் சுற்றிக்கொண்டேயிருந்தது.

கீழே பல்வலிக்காரர் யாரோ மணியடித்தார்.
"அஞ்சு நிமிஷம்!" என்று படிக்கட்டுப் பக்கம் கத்திவிட்டு
சிகப்பி ஊசியைத் தூக்கி
மறுபடி தொடக்கத்தில் வைத்தார்.