இருநூற்று முப்பத்தெட்டு

வருகைப் பதிவேட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும்,
மண்டபம் நண்டு கம்பெனியில்.
நாலு வருஷமாக நான்தான் எழுதுகிறேன்.
மாதம் ஒரு ரப்பர் தேய்கிறது.

இருநூற்று நாற்பது நாள் வந்தவருக்கு
இருபதுக்கு ஒன்றாகச் சம்பளத்தோடு விடுப்பு.
வாசலில் ஒட்டிய சட்டச் சுருக்கத்தில் இருக்கிறது,
உப்புக்காற்றில் ஓரம் சுருண்டு,
யாருக்கும் கண் எட்டாத உயரத்தில்.

அதனால் இருநூற்று முப்பத்தெட்டாம் நாள்
மேனேஜர் என் மேசையில்
விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார்.
நான் ஒரு பெயரை அழிப்பேன்.
மூன்றாம் நாள் அதே பெயர்
புது நம்பரோடு வேலைக்குச் சேரும்.
அதே கத்தி, அதே ரப்பர் செருப்பு.

தடைக்காலம் அறுபத்தொரு நாள்
விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும்.
மீன் முட்டையிட அரசாங்கம் தரும் விடுப்பு.
கம்பெனி அப்போது கேட்டைப் பூட்டிவிட்டு
'தாமாக வரவில்லை' என்று எழுதச் சொன்னது.
எழுதினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்.

இன்னாசியம்மாளுக்கு இது நாலாவது நம்பர்.
நண்டுக் காலிலிருந்து சதையை
நார் அறாமல் உருவுவதில் அவள்தான் முதல்.
விரல் நுனியில் ரேகை மிச்சமில்லை.
கைரேகை மெஷின் வந்தபோது
அவளை அது ஏற்கவே இல்லை.
அவளால்தான் மறுபடி பென்சிலுக்கு வந்தோம்
என்று மேனேஜர் சொல்லிக்கொள்வார்.

நேற்று மத்தியானம்
மாதாகோயில் காலண்டரை என் முன்னால் விரித்தாள்.
கட்டத்துக்குக் கட்டம் ஒரு கீறல்.
"எண்ணிப் பாருங்க கணக்கரே."
தடைக்காலத்துக் கட்டங்களிலும் கீறல் இருந்தது.
"நீங்கதான பூட்டுனீங்க? நாங்க வெளிய நின்னோம்.
முதலாளி நிறுத்தி வச்ச நாளும் சேருமாமே,
ராம்நாட்டுல வக்கீலம்மா சொல்லுச்சு."

பிறகு விண்ணப்பத்தை நீட்டினாள்.
பெயர். பிரிவு. நாட்கள்: ஒன்று.
காரணம் என்ற இடம் காலி.
காய்ச்சலா, மகள் பிரசவமா, துக்கமா
என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.
இந்தக் கரையில் பொம்பளை லீவு கேட்டால்
யாராவது பிறக்க வேண்டும், இல்லை சாக வேண்டும்.

"சும்மா."
"சும்மான்னு போட முடியாதும்மா."
"சும்மாதான் இருக்கப் போறேன், வேற எதப் போட?
கால நீட்டிப் படுத்துக் கெடப்பேன்.
அன்னைக்கிக் கூலி உண்டுல்ல?"

உண்டு
என்ற மூன்றெழுத்தைச் சொல்ல
இவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியாது.

இன்று என் ஏட்டில் அவளுக்கு இருநூற்று முப்பத்தெட்டு.
மேசையில் இரண்டு தட்டு விழுந்தது.
சரி சார் என்றேன்.
ரப்பரை எடுக்கத்தான் டிராயரைத் திறந்தேன்.
போன தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த நீலப் பேனா,
உறை பிரிக்காமல் கிடந்தது.

மை உறைந்திருக்கிறது.
உதறிக்கொண்டிருக்கிறேன்.